ஆறலைப்பும் வழிக்காவலும்

வீடு ஒருவனுக்கு உரியது. வழி எல்லார்க்கும் உரியது. வீட்டுக்குக் கதவுண்டு, தாழுண்டு. வழிக்கு அவை இல்லை. சந்தை, பஸ் நிலையம், புகையிரத வண்டி, கோயில் வீதி, கடற்கரை ஆகிய இடங்களிலே செல்வோன், முன்பின் அறியாதார் பலர்மீது தன்னை அறியாமலே நம்பிக்கை வைத்துச் செல்கின்றான். எதிரே வருபவன் அடிக்கமாட்டான், பின்னே வருபவன் பறிக்கமாட்டான் என்னும் அந்நம்பிக்கையே பொதுவிடத்தின் அடித்தளம் ஆகும். அதனை உடைப்பது தாக்குதல். ஒருவர் உடம்பிற் பட்ட அடி அன்றைக்கே ஊரார் பலருடைய நெஞ்சிலும் அச்சமாய்ப் பதிகின்றது. அச்சம் மிகுந்தவழி மக்கள் வெளியே வருதலைக் குறைக்கின்றனர். மக்கள் குறைந்த வழி தாக்குவோனுக்கு மேலும் வசதியாகின்றது. ஆதலால் வழிக்காவல் என்பது தனியொருவர் உயிரையும் பொருளையும் மட்டும் பற்றியதன்று. ஊர் ஊராக நிலைத்தலையும் பற்றியது.

இக்காவல் யாருடைய கடமை? செல்வோன் தானே தன்னைக் காத்துக்கொள்ளல் வேண்டுமா? அயலார் காத்தல் வேண்டுமா? அன்றி அரசே காத்தல் வேண்டுமா? இவ்வினா மிகப் பழையது. அதற்குப் பல நாட்டார் பல காலத்திலும் அளித்த விடைகளையும், அண்மைக்கால ஆராய்ச்சி அவற்றுக்குச் சேர்த்த தெளிவையும் ஈண்டு முறையே காண்போமாயின், இன்று வழிச்செல்வோர் கைக்கொள்ளத்தக்க நெறி யாதென்பது தானே புலப்படும்.

பழந்தமிழர் கண்ட வழிப்பகை

சங்கச் செய்யுட்களிற் பாலைத்திணைக்கு உரியனவற்றை நோக்குவார்க்கு ஆறலை கள்வர் புதியர் அல்லர். வணிகச் சாத்துக்களை வழிமறித்துக் கொன்று பொருள் கவர்தல் அவர் தொழில். அவரால் வீழ்ந்தோர் உடல்களை இலையும் கல்லும் இட்டு மூடிய பதுக்கைகள் வழியோரங்களிற் கிடந்தமையைப் புலவர் பலர் பாடினர். பிரிந்து சென்ற தலைவனை எண்ணித் தலைவி அஞ்சிய அச்சம் வெறுங் கற்பனை அன்று. அக்காலத்து வழிகளின் உண்மை நிலை அதுவாகும்.

அத்தகைய வழிகளைக் காத்தற்கு ஏற்பாடுகளும் இருந்தன. பெரும்பாணாற்றுப்படை இதற்கு நல்ல சான்று. சுங்கம் கொள்ளும் பெருவழிகள் கூடுமிடத்தை வில்லேந்திய வீரர் காத்து நின்றனர் என்று அந்நூல் கூறும். வணிகன் கொடுத்த சுங்கம் அவன் பெற்ற காவலுக்கு விலையாயிற்று என்பது இதனாற் பெறப்படும். தொண்டைமான் இளந்திரையனுடைய நாட்டிலே வழிச்செல்வோரை அலறத் தாக்கிப் பறிக்கும் கொடியோர் இலர் என்பதனையே அவன் செங்கோலுக்கு முதற் சிறப்பாக அந்நூலாசிரியர் எடுத்துரைத்தார். மதுரைக்காஞ்சியோ நகரத்து இரவுக் காவலரைப் படம்பிடித்தாற்போலக் காட்டும். மழை பெய்து தெருவெல்லாம் நீர் ஓடும் நள்ளிரவிலும் சோர்வின்றித் திரிந்தோர் அவர். கள்வர் கையாளும் முறைகளைக் கற்றறிந்தோர். பகைவன் முறையை அறியாதவன் காவலன் ஆகான் என்னும் உண்மையை அன்றே உணர்ந்திருந்தனர்.

கொடுங்கோல் மன்னன் குடிகளிடம் பொருள் கேட்பதற்கு, ஆயுதத்தோடு வழிமறிப்பவன் செயலையே திருவள்ளுவர் உவமையாகக் காட்டினார். வழிப்பறி எவ்வளவு கொடியதென்பது கற்போர் எல்லார்க்கும் தெரிந்திருந்தாலன்றி அவ்வுவமை பொருள் பயவாது. பெரியபுராணத்திலும், சேரமான் பெருமாள் கொடுத்த செல்வத்தோடு திரும்பிய சுந்தரமூர்த்தி நாயனாரைத் திருமுருகன்பூண்டியில் வேடர் வடிவெடுத்த பூதகணங்கள் வழிமறித்த வரலாறு உண்டு. நாயனார் சென்று முறையிட்டது அவ்வூர் இறைவனிடத்தே. உன் எல்லையில் நடந்த பறிப்புக்கு நீயே பொறுப்பு என்னும் கருத்து அவ்வரலாற்றின் உள்ளே நிற்றல் காண்க.

எல்லைக்கு உரியோன் ஈடு செய்தல்

எல்லைக்கு உரியவனே இழப்புக்கும் உரியவன் என்னும் இக்கருத்து நீதிநூல்கள் பலவற்றிலும் காணப்படும் பொதுவிதி. கௌடிலீயம் இதனை நுட்பமாக வகுத்தது. வணிகன் தன் பொருளின் அளவைத் தெரிவித்துவிட்டு ஊரினுள்ளே தங்கியபோது அது களவுபோயின் ஊர்த்தலைவன் ஈடு செய்தல் வேண்டும். இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட வெளியிலே போயின் மேய்ச்சல் நிலத்து அதிகாரி கொடுத்தல் வேண்டும். மேய்ச்சல் நிலமும் அல்லாத இடமாயிற் கள்வரைப் பிடித்தற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி கொடுத்தல் வேண்டும். பொறுப்பில்லாத இடம் என ஓரடி நிலமும் எஞ்சாதவாறு இவ்விதி அமைந்திருக்கின்றது. களவுபோன பொருளை அரசன் மீட்டு உரியவனுக்குக் கொடுத்தல் வேண்டும் என மனுநூலும் விதித்தது.

தமிழ்நாட்டிற் சோழர் காலக் கல்வெட்டுக்களிற் பாடிகாவல் என ஓர் இறை கூறப்படும். ஊர்க்காவலுக்காக மக்கள் செலுத்தியது அது. பிற்காலத்தே தென்பாண்டி நாட்டில் நிலவிய காவல்முறையிலும், காவற்காரர் ஊராரிடம் ஊதியம் பெற்றனர். களவு நேர்ந்தாற் பொருளை மீட்டுக் கொடுத்தனர், அல்லது ஈடு செய்தனர். இம்முறைக்கு ஒரு குறையும் இருந்தது. ஊதியம் கொடாத ஊரிலே காவற்காரரே கள்வராதலும் நிகழ்ந்தது. காவலும் அச்சுறுத்தலும் ஒரே கையில் இருத்தலின் தீமை இதனால் விளங்கும்.

இங்கிலாந்திலே முதலாம் எட்வேட் மன்னன் 1285ஆம் ஆண்டில் வின்செஸ்ரர் நகரிற் பிறப்பித்த சட்டமும் இத்தகையதே. ஒரு பகுதியில் வழிப்பறி நடந்து கள்வர் பிடிபடாராயின் அப்பகுதியார் அனைவரும் பொறுப்பாவர். களவு கண்டோர் கூக்குரல் எழுப்புதல் வேண்டும். அக்குரல் கேட்டோர் தம் தொழிலை விட்டு ஓடிவருதல் வேண்டும். மதில் சூழ்ந்த நகர்களின் வாயில்கள் ஞாயிறு மறைந்தது முதல் உதிக்கும்வரை அடைபட்டிருக்கும். எல்லாவற்றினும் வியக்கத்தக்கது, சந்தை நகர்களுக்கிடையே செல்லும் பெருவழிகளின் இருமருங்கும் 200 அடி தூரத்துக்குப் பற்றையும் புதரும் வெட்டப்படல் வேண்டும் என்னும் விதி. பெருமரங்கள் நிற்கலாம்; ஒளிந்திருக்க உதவும் புதர் நிற்றலாகாது. வெட்டாத நிலக்கிழான் அவ்விடத்து நடந்த களவுக்குப் பொறுப்பாளி ஆவான். தாக்குவோனைத் திருத்துதற்கு முன்னரே அவன் மறைவிடத்தை நீக்குக என்னும் இவ்வறிவு எழுநூறு ஆண்டு கடந்தும் பழுதுபடவில்லை.

விளக்கும் காவற்படையும்

புதரை வெட்டலாம், இருளை வெட்டுதல் எங்ஙனம்? பாரிஸ் மாநகரில் 1667ஆம் ஆண்டு காவல் தலைமையை ஏற்ற லா றெனி என்பார் தெருக்களின் குறுக்கே மெழுகுதிரி விளக்குகளைத் தொங்கவிட்டார். இலண்டனில் 1807ஆம் ஆண்டிற் பால் மால் என்னும் தெருவில் வாயுவிளக்கு ஒளிர்ந்தது. விளக்கு உண்மையாகவே தாக்குதலைக் குறைக்குமா, அன்றி மனத்துக்கு ஆறுதல் மட்டும் தருமா என்பது பின்னர் ஆராயப்பட்டது. நியூயோர்க் நகரிலே 2016ஆம் ஆண்டு பொது வீடமைப்புத் தொகுதிகள் சிலவற்றைச் சீட்டுக் குலுக்கல் போலத் தற்செயலாகத் தெரிந்து, அங்கே உயர்ந்த விளக்குக் கம்பங்கள் நிறுத்தப்பட்டன. விளக்கில்லாத தொகுதிகளோடு ஒப்பிட்டபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் பெருங்குற்றங்கள் ஏறத்தாழ 36 வீதம் குறைந்தமை காணப்பட்டது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த முந்திய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், விளக்கிட்ட இடங்களிற் பகற்குற்றமும் குறைந்ததைக் கண்டனர். பகலிலே விளக்கு எரிவதில்லை. ஆதலால் ஒளி மட்டுமன்றி, இவ்விடம் கவனிப்பாரற்றதன்று என்னும் எண்ணமும் காவலாகின்றது என்று கொள்ளற்பாலது.

இலங்கையிலும் பெருவழி பிறந்தபோதே வழிப்பகையும் பிறந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்குச் சென்ற பெருவழியிலே, மாவனல்லைக்கு அணித்தான ஊத்துவன்கந்தை என்னும் குன்றைத் தனக்கு இடமாகக் கொண்ட சரதியேல் என்பவன் வழிச்செல்வோரைப் பறித்து வந்தான். செல்வரிடம் பறித்து வறியார்க்குக் கொடுத்தான் என்று கதைகள் அவனைப் புகழும். ஆயினும் அவ்வழியே சென்றோர்க்கு அவன் பெயர் அச்சமாகவே இருந்தது. 1864ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆந் தேதி மாவனல்லையில் அவனைப் பிடிக்கச் சென்றபோது நடந்த துப்பாக்கிச் சண்டையிற் சபான் என்னும் பொலிஸ் வீரர் உயிர் துறந்தார். கடமையிலே உயிர் நீத்த முதற் பொலிஸ் வீரர் எனப் போற்றப்படுபவர் அவரே. அந்நாள் ஆண்டுதோறும் பொலிஸ் வீரர் நினைவுநாளாகக் கொள்ளப்படுகின்றது. சரதியேல் அதே ஆண்டு மே 7ஆந் தேதி கண்டியிலே தூக்கிலிடப்பட்டான். 1866ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் தேதி கம்பெல் என்பார் தலைமை ஏற்க, இலங்கைப் பொலிஸ் புதிய முறையில் அமைந்தது.

இலண்டனில் 1829ஆம் ஆண்டு றொபேட் பீல் நிறுவிய பொலிஸ் படையே இத்தகைய அமைப்புக்கள் பலவற்றுக்கும் முன்மாதிரி. குற்றம் நடந்தபின் தண்டித்தலினும், நடவாது தடுத்தலே முதற் கடமை என்பது அப்படைக்கு விதிக்கப்பட்ட கொள்கை. ஆனால் தடுத்தற்கு வேண்டியது படை மட்டுமன்று. அறிந்ததைச் செயலாக்கும் மனமும் வேண்டும். 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் 21ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, இலங்கையிலே தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்னறிவித்தல் கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியமையால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என 2023ஆம் ஆண்டு சனவரி 12ஆந் தேதி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாட் சனாதிபதியும் உயரதிகாரிகள் சிலரும் தம் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிடப்பட்டது. எல்லைக்கு உரியோன் ஈடு செய்க என்று கௌடிலீயம் கூறிய விதி, ஈராயிரம் ஆண்டுபோன்ற நெடுங்காலம் கடந்து, நீதிமன்றத்தின் வாயிலாக மீண்டும் ஒலித்தது எனலாம். செலுத்தப்பட்ட பணம் மாண்டோரை மீட்டுத் தராது. ஆயினும் காவல் என்பது அரசு விரும்பியபோது காட்டும் அருளன்று, மக்களுக்குப் பட்ட கடன் என்பதை அது நிலைநாட்டிற்று.

பார்த்திருப்போர் கடமை

அரசின் காவலர் எல்லாவிடத்தும் எப்பொழுதும் இரார். தாக்குதல் பெரும்பாலும் சில நிமிடங்களுள் முடிந்துவிடும். அந்நிமிடங்களில் அருகிருப்போர் அயலாரே. ஊர் கொள்ளைபோகும்போதும் அணை உடையும்போதும் வழிப்பறி நிகழும்போதும், வலிமையிருந்தும் உதவிக்கு ஓடாதாரைத் தட்டுமுட்டுக்களோடு நாடுகடத்துக என்று மனுநூல் விதித்தது. மூன்று இடுக்கண்களையும் ஒருசேர வைத்தமை நோக்கத்தக்கது. உடைந்த அணையைக் கண்டு அது என் வயலன்று என ஒருவன் போவானாயின் வெள்ளம் நாளை அவன் வயலுக்கும் வரும்.

இக்காலத்தார் இக்கடமையை மறந்துவிட்டனர் என்னும் கவலை 1964ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உலகெங்கும் பரவியது. நியூயோர்க் நகரில் ஓரிளம்பெண் நள்ளிரவிற்குப்பின் வீடு திரும்பும் வழியிற் கொல்லப்பட்டாள். அயல்வீட்டார் 38 பேர் பார்த்திருந்தும் எவரும் உதவவில்லை என அந்நகரின் பெரும் பத்திரிகை ஒன்று எழுதிற்று. அதனைத் தொடர்ந்து டார்லி, லத்தானே என்னும் உளநூலார் இருவர் 1968ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். அயலறையில் ஒருவர் வலிப்பினால் அல்லற்படும் ஒலியை மாணவர் கேட்குமாறு செய்தனர். தாம் மட்டுமே கேட்பதாக எண்ணினோருள் 85 வீதத்தினர் உடனே சென்று அறிவித்தனர். வேறு நால்வரும் கேட்கின்றனர் என எண்ணினோருள் அவ்வாறு செய்தோர் 31 வீதத்தினர் மட்டுமே. பலர் இருக்கும் இடத்திற் கடமை பலராற் பங்கிடப்பட்டு ஒருவர் கையிலும் நில்லாது போகின்றது என்பது அவர் முடிவு.

ஆனால் ஆராய்ச்சி அவ்வளவில் நிற்கவில்லை. பத்திரிகைச் செய்தி பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்பது பின்னர் வெளிப்பட்டது. தாக்குதலைத் தெளிவாகக் கண்டோர் சிலரே. அயல்வீட்டுப் பெண்மணி ஒருவர் இறங்கி ஓடி, உயிர் பிரியும் தறுவாயிலிருந்த அப்பெண்ணைத் தம் கைகளில் ஏந்தியிருந்தார். அவர் செயலை உலகம் அறியவில்லை. ஒருவரும் வாராத கதையையே அறிந்தது. 2019ஆம் ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வு, நெதர்லாந்து, பிரித்தானியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாட்டு நகரங்களில் வீதிக் கமராக்கள் பதிந்த 219 சச்சரவுகளை நோக்கியது. பத்தில் ஒன்பதில், அருகிருந்தோருள் ஒருவரேனும் இடைப்பட்டு உதவ முயன்றனர். நின்றோர் தொகை கூடக்கூட உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியது.

இவ்விரு முடிபுகளும் முரணுவனபோலத் தோன்றினும் முரணா. காணாத இடத்தில், ஒலியை மட்டும் கேட்டு, பிறர் செய்வர் என எண்ணியிருப்போர் தயங்குவர். கண்ணெதிரே நிகழ்வதைக் கண்டோர் பெரும்பாலும் அசைவர். ஆகவே தாக்கப்படுவோன் பொதுவாகக் கூவுதலினும் ஒருவரைச் சுட்டி, "நீல உடுப்புக்காரரே, உதவும்! பொலிசாரை அழையும்!" என்று கூவுதல் பயனுடையது. பங்கிடப்பட்ட கடமை அப்போது ஒருவர் தலையிற் சேரும். உதவச் செல்வோனும் வீரம் காட்டவேண்டும் என்பதில்லை. தாக்கப்பட்டவரிடம் சென்று பேச்சுக் கொடுத்தல், இருவர் மூவரைச் சேர்த்துக்கொண்டு அருகில் நிற்றல், வாகன இலக்கத்தைக் குறித்தல், 119 என்னும் இலக்கத்திற் பொலிசாரை அழைத்தல், 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் வண்டியை வரவழைத்தல், பின்னர்ச் சாட்சி சொல்லுதல் ஆகிய யாவும் உதவியே. சாட்சி சொல்வார்க்குத் தீங்கு வாராது காத்தற்கு இலங்கையில் 2015ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2023ஆம் ஆண்டில் அதனிடத்தே புதிய சட்டமும் வந்தது.

தெருவின் அமைப்பும் இக்காவலுக்குத் துணையாகும். நகரமைப்பைப் பற்றி 1961ஆம் ஆண்டில் நூல் எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், தெருவை நோக்கிய கண்களே தெருவின் முதற் காவல் என்றார். திறந்திருக்கும் கடையும் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோரும் விளையாடும் சிறுவரும் ஊதியம் பெறாத காவலர். அச்சத்தால் உயர்ந்த மதில் எழுப்பி வாயிலை அடைத்துக்கொள்ளும் ஊர், தன் வீடுகளைக் காத்துத் தன் தெருவைக் கைவிடுகின்றது.

செல்வோன் கொள்ளவேண்டிய விழிப்பு

அரசுகாவலும் ஊர்க்காவலும் இருப்பினும் தற்காவல் வேண்டாததன்று. அதன் முதற்படி, ஆபத்து எங்கிருந்து வரும் என்பதைத் திருத்தமாக அறிதல். உலகெங்கும் கொலையுண்போரில் ஐவருள் ஏறத்தாழ நால்வர் ஆடவர். இரவில் வெளியே செல்லாதே எனப் பெண்களுக்கே அறிவுரை கூறுவோர் இளைஞரின் வீதிச் சண்டைகளை எண்ணுவதில்லை. பெண்களுக்கோ உயிராபத்து அறியாதாரினும் அறிந்தாராலேயே மிகுதி.

முகத்திலே நட்புக் காட்டி வருபவனே கொடிய பகைவனாதல் உண்டு என்பதற்கு வட இந்தியத் தக்கர் கதையே சான்று. அவர் வழிச்செல்வோரோடு பேசிப் பழகி, துணையாகச் சில நாள் நடந்து, நம்பிக்கை பெற்றபின் துணியாற் கழுத்தை நெரித்தனர் என்று 1830ஆம் ஆண்டுகளில் அவரை அடக்கிய சிலீமன் முதலியோர் எழுதினர். அவர் சமயத்தைப் பற்றி அக்கால அதிகாரிகள் எழுதியவற்றுட் சிலவற்றை இக்கால வரலாற்றாசிரியர் ஐயுறுவர். வலிமையினும் நம்பிக்கையையே ஆயுதமாகக் கொண்டனர் என்பது மட்டும் வழிச்செல்வோர் கருதத்தக்கது. வேண்டாத உதவியை வலிந்து அளிப்பவன், தனியிடத்துக்கு வா என அவசரப்படுத்துபவன், ஒருமுறை மறுத்தபின்னும் விடாதவன் ஆகியோரிடத்து ஐயங்கொள்ளல் மரியாதைக் குறைவு ஆகாது. மறுப்பை மதியாமையே முதல் அறிகுறி.

கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியர் ஏறத்தாழ 900 பேரைக் கொண்டு நடந்து 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதற்கு அரண் செய்கின்றது. ஒரு பகுதியினர் பன்னிரண்டு மணிநேரப் பயிற்சி பெற்றனர். ஆபத்தின் அறிகுறியை உணர்தல், அறிந்தவன் எனினும் தயக்கமின்றி எதிர்த்தல், உரக்கக் கூவுதல், உடலாற் தடுத்தல் ஆகியன அதில் அடங்கும். ஓராண்டுக்குள் வன்புணர்ச்சிக்கு ஆளானோர் பயிற்சி பெறாதவரிடையே 9.8 வீதமாக, பெற்றவரிடையே 5.2 வீதமாகக் குறைந்தனர். குற்றம் செய்தவனே குற்றவாளி. பயிற்சி பெறாதவள் ஒருபோதும் குற்றவாளி ஆகாள். இதனை அழுத்திக் கூறாத அறிவுரை தீங்கே பயக்கும்.

பொதுவிடத்திற் கைக்கொள்ளத்தக்க முறைகள் எளியன. செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டார்க்குச் சொல்லிச் செல்லுதல் நன்று. கண்ணும் செவியும் திறந்திருத்தல் வேண்டும். கைத்தொலைபேசியைப் பார்த்தபடியும் இரு செவியையும் ஒலிக்கருவியால் அடைத்தபடியும் இருளில் நடப்போன் தன் காவலர் இருவரை உறங்கவிட்டவன் ஆவான். எவரேனும் தொடர்வதாகத் தோன்றினால் வீட்டுக்கு ஓடுதல் நன்றன்று, தொடர்வோன் வீட்டை அறிந்துகொள்வான்; விளக்கெரியும் கடைக்கோ ஆட்கள் கூடியிருக்கும் இடத்துக்கோ செல்லுதல் நன்று. கத்தி காட்டிப் பணம் கேட்போனுக்குப் பணத்தைக் கொடுத்துவிடுதல் கோழைத்தனம் அன்று. போன பொருளை மீண்டும் ஈட்டலாம், உயிரை ஈட்டுதல் இயலாது. ஆனால் பொருளன்றி ஆளையே வேறிடத்துக்கு இழுத்துச் செல்ல முயல்வானாயின் அதற்கு உடன்படலாகாது. கூவியும் உதறியும் ஓடுதலே தக்கது.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையைக் கூறுகின்றன. தன் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலைக் காத்தற்கும் அவ்வுரிமை உண்டு. ஆயின் காத்தற்கு வேண்டிய அளவை மீறி அடித்தற்கும், பொலிசாரை நாட நேரமிருக்கும்போது தானே தண்டித்தற்கும் உரிமை இல்லை. ஓடுபவனைத் துரத்திச் சென்று பலர் சூழ்ந்து அடித்தல் காவலன்று. அது மற்றொரு தாக்குதல்.

பலர் கூடுமிடத்தில் துப்பாக்கியாலோ குண்டாலோ தாக்குதல் நேரின், ஓடுக, ஒளிக, அறிவிக்க என்னும் மூன்றையும் பிரித்தானியப் பொலிசார் 2015ஆம் ஆண்டு முதல் மக்களுக்கு உணர்த்தி வருகின்றனர். வழியுண்டேல் பொருளைக் கைவிட்டு ஓடுக. இல்லையேற் கதவடைத்துத் தொலைபேசியின் ஒலியை நிறுத்தி ஒளிக. ஆபத்தின்றேற் பொலிசாருக்கு அறிவிக்க. புதிய மண்டபத்துள்ளோ திரையரங்குள்ளோ புகும்போதே இரண்டாவது வாயில் எங்கேயென நோக்கிவைத்தல் ஒரு கணத்துச் செயல். தீவிபத்திலும் அதுவே உயிர் காக்கும்.

அன்றாடத் தாக்குதல்

குண்டும் கத்தியும் அரியன. ஆனால் நாள்தோறும் நிகழும் தாக்குதல் ஒன்றுண்டு. இலங்கையிலே பஸ்களிலும் புகையிரதங்களிலும் பயணஞ் செய்யும் பெண்களிடம் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015ஆம் ஆண்டில் நடாத்திய ஆய்விலே, நூற்றுக்கு 90 பேர் தாம் ஒருமுறையேனும் பாலியல் தொல்லைக்கு ஆளானமையைக் கூறினர். பொலிசாரின் உதவியை நாடினோர் நூற்றுக்கு 4 பேரே. பள்ளிக்குச் செல்லும் சிறுமியும் வேலைக்குச் செல்லும் தாயும் இதனை வாய்விட்டுக் கூறாது பொறுத்து வந்தனர் என்பது இவ்விரு எண்களின் இடைவெளியால் விளங்கும். 1995ஆம் ஆண்டிலே திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இதனைக் குற்றமாக்கி, ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளித்தது. பெண்கள் முறையிடுதற்கு 1938 என்னும் இலக்கமும் உண்டு. சட்டம் இருந்தும் பலர் அதனை நாடாமைக்குக் காரணம் யாது? நெரிசல் மிகுந்த பஸ்ஸிலே தொல்லைக்கு ஆளானவள் குரல் எழுப்பும்போது, அருகிலிருப்போர் யன்னலுக்கு வெளியே நோக்குவாராயின், அவள் மறுமுறை குரல் எழுப்பாள். ஒருவர் எழுந்து தம் இருக்கையை அவளுக்குக் கொடுத்து, "என்ன நடந்தது, தங்கச்சி?" என்று கேட்பாராயின், அந்தப் பஸ்ஸில் அன்றைக்கு வழிக்காவல் நிலைபெற்றது எனலாம். நடத்துனர் வண்டியை நிறுத்தினால் அது மேலும் வலுப்பெறும்.

இதுகாறும் கூறியவற்றால் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை பெறப்படும். தற்காவல் மட்டும் போதுமெனின், வலியற்றோர் வீட்டுக்குள் அடைபடுவர். வழி வலியார்க்கே உரியதாகும். ஊர்க்காவல் மட்டும் போதுமெனின், ஊர் தன் சினத்தையே நீதியெனக் கொண்டுவிடும். அரசுகாவல் மட்டும் போதுமெனின், அரசு உறங்கிய நாளில் மக்கள் மாள்வர். மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் வேண்டும். விளக்கிடுதலும் புதர் வெட்டுதலும் முன்னறிவித்தலை மதித்தலும் அரசின் கடன். கூக்குரல் கேட்டு ஓடிவருதல் அயலார் கடன். விழித்திருத்தல் செல்வோன் கடன்.

இளந்திரையன் நாட்டிலே வழிப்பறிப்போர் இலர் என்று புலவர் பாடியபோது, அம்மன்னனுடைய படையின் பெருமையை மட்டும் அவர் பாடவில்லை. பரிசில் பெற்ற பாணன் ஒருவன் தன் சுற்றத்தோடு இரவிலும் அஞ்சாது ஊர் திரும்பலாம் என்பதையே பாடினார். வறியோனும் அஞ்சாது நடக்கும் வழியே நல்லாட்சியின் அளவுகோல். கடைசிப் பஸ்ஸில் இறங்கித் தனியே நடக்கும் ஒரு சிறுமி தன் வீட்டை அச்சமின்றி அடைவாளாயின், அந்நாடு காக்கப்பட்ட நாடு.